ஃபேனை நிறுத்துங்கோ

செட்டியார் தெருவில் நிறுப்பதற்கு முன்
ஃபேனை நிறுத்த வேண்டும்.
காற்றுக்கும் நிறையுண்டு என்று
அங்கேதான் படித்தேன்.
கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு.
அதன் சின்னக் கதவைச் சாத்தி
எண்கள் நடுங்கி அடங்கும்வரை
மூச்சைப் பிடித்திருப்பேன்.

அந்த வருசம் வாங்க வந்தவர்கள் குறைவு,
விற்க வந்தவர்களே வரிசை.
காப்பு, தோடு, பிள்ளையின் அரைஞாண்.
ஒருத்தி கொடியைக் கழற்றிவிட்டு
வெறுங்கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.
கடை கூட்டிய தூசியைக்கூட
முதலாளி வீசமாட்டார்;
எரித்து உருக்கினால் மாதம் முடிய
ஒரு மூக்குத்தியாவது தேறும்.

மட்டக்குளி கிளினிக்கில் தராசு வேறு மாதிரி.
இரும்பு, சிவப்பு முள்.
செருப்பைக் கழற்றி ஏறினால்
நாற்பத்து மூன்று.
ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது.

பத்மசீலி மிஸ்ஸி அட்டையில் புள்ளி வைப்பார்.
மாதத்துக்கு மாதம் மேட்டில் ஏற வேண்டிய கோடு
களனி ஆறு கடலில் விழும் இடம்போல்
தட்டையாய்க் கிடந்தது.
"நீங்க சாப்பிடுறது இல்லையா?"
அவருக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.
சாப்பிடுகிறேன் என்றேன். பொய்யில்லை.
எதை என்று அவர் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

திரிபோஷ இரண்டு பை தந்த மாதம்
சீனி போட்டு உருட்டி வைத்தேன்.
மூத்தவன் மூன்று தின்றான்.
பெற்றோல் வரிசையில் த்ரீவீலோடு
இரவு முழுக்கக் கிடந்த சகாயராசனுக்கு
நாலு கட்டிக் கொடுத்தேன்.
ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்து
"இது உனக்கு" என்றார்.
மூத்தவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வாங்கில் எனக்குப் பக்கத்தில் பஸ்மியா.
அவளுடைய புள்ளிகள் கோட்டைத் தாண்டிப் பறந்தன.
இருபத்தொரு கிலோ, சுகர் வேறு.
"பாணும் சீனித் தேத்தண்ணியும்தான் புள்ள,
வேறென்ன ஈக்கி வீட்ல?" என்றாள்.
ஒரே பாண்
ஒருத்தியை ஊத வைக்கும்,
ஒருத்தியை உலர்த்தும்.
கூடியதற்கு அவளுக்கு ஏச்சு,
கூடாததற்கு எனக்கு.
மிஸ்ஸி அங்கால் திரும்பியதும்
இரண்டு பேரும் சிரித்தோம்.

அவளுடையது நாலு கிலோ இருநூறு.
தோள் சிக்கியதாம்.
பிள்ளையின் இடது கை
ஒரு மாதம் எழும்பவில்லை.

என்னுடையது முப்பத்தாறாம் கிழமை,
கடை பூட்டும் நேரம்.
தராசுக்கு முன்னாலேயே குடம் உடைந்தது.
முதலாளிதான் வாகனம் பிடிக்க ஓடினார்.

காசல் வீதி, விடிய மூன்று மணி.
சிவந்து சுருங்கிய ஒன்றைத்
தட்டில் வைக்கப் போனபோது
என்னையறியாமல் கத்தினேன்:
"ஃபேனை நிறுத்துங்கோ!"
ஆளையாள் பார்த்தார்கள்.
ஒரு நேர்ஸ் சுவிட்சைத் தட்டினாள்,
விசர் என்று நினைத்தாளோ, இரக்கமோ.
எண்கள் நடுங்கின.
அடங்கின.

இரண்டாயிரத்து நூற்றெண்பது கிறாம்.
இருநூற்றெழுபத்திரண்டரைப் பவுண்.
அவ்வளவை ஒரே தட்டில்
நான் ஒருநாளும் கண்டதில்லை.

டொக்டர் சொன்னது வேறு கணக்கு.
நிறை குறைந்த பிள்ளை, சூடு நிற்காது,
இரத்தத்தில் சீனி இறங்கும், மூச்சைப் பார்க்க வேணும்.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.
அட்டையின் தட்டைக் கோட்டில்
அவருடைய விரல் ஓடியபோது மட்டும்
யன்னலைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் நூறு கிறாம் இறங்கினாள்.
சேதாரம் என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன்.
நெஞ்சோடு நெஞ்சாய்க் கட்டிவிட்டார்கள்,
இரவும் பகலும் என் சூட்டில்.
சகாயராசன் அவித்த முட்டை இரண்டு கொண்டுவந்தார்.
எங்கால் என்று கேட்கவில்லை.
யாருக்கும் பிய்த்துக் கொடுக்காமல்
இரண்டையும் நானே தின்றேன்.
அழுகை வந்தது, ஆனாலும் தின்றேன்.

ஆறாம் நாள், நான் வாய் திறக்கும் முன்பே
நேர்ஸ் ஃபேனை நிறுத்தினாள்.
நேற்றையைவிடப் பதினைந்து கிறாம் கூட.
இரண்டு பவுணுக்கு
ஒரு கிறாம்தான் குறைவு.